கற்றவர் திரும்பினர், காத்திருந்தது வேலை

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆலையில் பாடுபடுகிற நமக்கு ஒரு விஷயம் தெரியும். கை தேர்ந்த பிட்டர் ஒருவர் இருக்கிறார். மெஷின் போடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் முதலாளிக்கு அவர் மேல் சந்தேகம் பிறக்கிறது. "இவன் சங்கக் கூட்டத்துக்குப் போனவனாமே!" என்று யாரோ காதில் ஓதுகிறார்கள். உடனே கேட் சாத்தப்படுகிறது. "சரி, இங்கே வேலை இல்லை என்றால் அடுத்த ஆலைக்குப் போகிறேன்" என்கிறார் பிட்டர். "அதுவும் கூடாது. எங்கள் மெஷின் சூட்சுமம் உனக்குத் தெரியும். இங்கேயே கிட!" என்கிறார் முதலாளி. வேலையும் கிடையாது, விடுதலையும் கிடையாது.

வயலில் பாடுபடுகிற தோழர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். பண்ணையாளாய்க் கிடந்த நம் பாட்டன், முப்பாட்டன் கதையே இதுதான். மிராசுதார் கூலியை ஒழுங்காக அளக்க மாட்டார். பிழைக்க வேறு பண்ணைக்குப் போகிறேன் என்றால் விடவும் மாட்டார்.

இப்படிப்பட்ட கதி கூலிக்காரனுக்கு மட்டும்தான் வரும் என்று நாம் நினைத்திருக்கிறோம். அப்படியல்ல. உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய ராக்கெட் விஞ்ஞானிகளில் ஒருவருக்கு, அமெரிக்காவில், 1950 முதல் 1955 வரை ஐந்து வருஷம் இதே கதி நேர்ந்தது. அவர் பெயர் சியான் சுவேசென். சீன தேசத்தவர். அவர் கதையையும், அவரைப் போலக் கடல் கடந்து கற்று, தாய்நாட்டில் உழைக்கத் திரும்பிய சிலருடைய கதையையும் இன்று நாம் பேசப் போகிறோம்.

"விஞ்ஞானிகள் கதை நமக்கு எதற்கு? நம் கவலை கூலியும் பஞ்சப்படியும்தானே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த விஞ்ஞானியின் படிப்புக்குக் காசு கொடுத்தது யார் என்று பார்ப்போம். பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

உப்பு வரியில் வாங்கிய படிப்பு

1900ல் வட சீனத்துக் குடியானவர்கள் அந்நியர் ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். எட்டு நாட்டுச் சேனைகள் சேர்ந்து பீக்கிங் நகருக்குள் புகுந்தன, அடக்கின, கொள்ளையிட்டன. கொள்ளையிட்ட பிறகு, "எங்களுக்கு நஷ்டம்" என்று சொல்லி 1901ல் ஓர் உடன்படிக்கையை எழுதி வாங்கின. நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? 45 கோடி தேல் வெள்ளி. ஒரு தேல் என்பது சுமார் 37 கிராம். அன்று சீனாவின் ஜனத்தொகையாகச் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய 45 கோடிதான். தலைக்கு ஒரு தேல்! தொட்டில் குழந்தை முதல் சாகக் கிடக்கிற கிழவி வரை எல்லோர் தலையிலும் கடன். அதுவும் ஒரே தவணையில் அல்ல. வட்டியோடு 39 வருஷம், 1940 வரை கட்ட வேண்டும். ஈடாக எழுதிக் கொடுத்தது சுங்க வரியும் உப்பு வரியும்.

உப்பு வரி என்றால் யார் கொடுப்பது? பணக்காரன் பத்து மடங்கு உப்பா தின்கிறான்? கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிற ஏழை கொடுத்ததுதான் அந்தப் பணம்.

தன் பங்காக வாங்கியது தன் நஷ்டக் கணக்கைவிட அதிகம் என்று பின்னர் அமெரிக்க சர்க்காரே ஒப்புக்கொண்டது. ஆனால் மிச்சத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடவில்லை. 1908ல் ஒரு முடிவு செய்தார்கள். அந்தப் பணத்தில் சீன வாலிபர்கள் அமெரிக்காவுக்கு வந்து படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1909 முதல் மாணவர்கள் கப்பல் ஏறத் தொடங்கினார்கள். அவர்களைத் தயார் செய்ய 1911ல் பீக்கிங்கில் சிங்குவா என்ற பள்ளி எழுந்தது. இதில் தர்ம சிந்தனை கொஞ்சம் இருந்திருக்கலாம். வியாபார சிந்தனையும் இருந்தது. சீன வாலிபர்களுக்குக் கல்வி தருகிற நாடு, பிற்காலத்தில் சீனாவின் வியாபாரத்திலும் செல்வாக்கிலும் பலனை அறுவடை செய்யும் என்று இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் ஜேம்ஸ் 1906லேயே தங்கள் ஜனாதிபதிக்கு எழுதியிருந்தார்.

ஆக, சீனக் குடியானவன் காசு, அமெரிக்கா வழியாக ஒரு சுற்றுச் சுற்றி, உபகாரச் சம்பளம் என்ற பெயரில் சீன மாணவன் கைக்கு வந்தது. அந்த உபகாரச் சம்பளத்தில்தான் சியான் சுவேசென் 1935ல் அமெரிக்காவுக்குப் போனார்.

நாடு கடத்தவும் உத்தரவு, தடுத்து வைக்கவும் உத்தரவு

ஷாங்காயில் ரயில் எஞ்சின் சம்பந்தமான படிப்பை முடித்தவர் சியான். அமெரிக்காவில் விமானக் கலை கற்றார். கலிபோர்னியாவில் வான் கார்மான் என்ற பெரிய பேராசிரியரிடம் சேர்ந்து 1939ல் டாக்டர் பட்டம் பெற்றார். ராக்கெட் என்றாலே படித்தவர்கள் சிரித்த காலம் அது. சிரிப்பைப் பொருட்படுத்தாமல் ராக்கெட் செய்து பார்த்த ஒரு சிறு மாணவர் கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்தக் கூட்டம் வளர்ந்துதான் பின்னாளில் அமெரிக்காவின் புகழ் பெற்ற ஜெட் உந்து ஆராய்ச்சிச் சாலை ஆயிற்று.

யுத்தம் வந்தது. அமெரிக்க ராணுவத்துக்கு அவர் மூளை தேவைப்பட்டது. 1945ல் கர்னல் அந்தஸ்துக் கொடுத்து, சீருடை மாட்டி, ஜெர்மன் ராக்கெட் நிபுணர்களை விசாரித்து வர அனுப்பினார்கள். அப்போது அவர் சீனர் என்பது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

1949 அக்டோபரில் மக்கள் சீனக் குடியரசு பிறந்தது. 1950ல் அமெரிக்காவில் சிவப்புப் பூச்சாண்டி ஆட்டம் உச்சத்துக்குப் போயிற்று. அந்த ஜூன் மாதம் போலீசார் அவர் கதவைத் தட்டினார்கள். 1930களின் கடைசியில் நீ ஒரு கம்யூனிஸ்டுக் குழுவின் கூட்டங்களுக்குப் போனாய் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். இரகசிய ஆராய்ச்சிகளில் ஈடுபடும் அனுமதி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 1949ல்தான் அவர் அமெரிக்கக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். அவரைச் சீனாவின் பக்கம் தள்ளியது எந்தப் பிரசாரமும் அல்ல. அமெரிக்க சர்க்காரின் சந்தேகமே தள்ளியது.

"என் மேல் நம்பிக்கை இல்லையென்றால் நான் ஊருக்குப் போகிறேன்" என்று மூட்டை கட்டினார். சுமார் 800 கிலோ எடையுள்ள புத்தகங்களும் குறிப்புகளும் சுங்கத்தில் பிடிபட்டன. இரகசிய சங்கேதம் என்று அதிகாரிகள் பதறியதில் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பையன்கள் கணக்குக்குப் பயன்படுத்துகிற லாகரிதம் வாய்ப்பாடு! செப்டம்பரில் அவரைப் பிடித்து இரண்டு வாரம் அடைத்து வைத்தார்கள். 15,000 டாலர் ஜாமீனில் வெளியே வந்தார். அதற்குப் பிறகு ஐந்து வருஷம், குடியிருந்த மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது; அதிகாரிகளிடம் தவறாமல் ஆஜராக வேண்டும்.

1951ல் இன்னொரு கூத்து. இவர் நாடு கடத்தப்பட வேண்டியவர் என்று சர்க்கார் விசாரணை முடிவு கட்டியது. அதே சமயம், இவர் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்ற உத்தரவும் அமுலில் இருந்தது! ஒரு கை கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது; மறு கை வேட்டியைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. நாம் முதலில் சொன்ன பிட்டர் கதை இதுதான், தோழர்களே. கடற்படை இலாகாவில் பெரிய பதவியில் இருந்த டான் கிம்பால் என்பவர், இந்த மனிதர் எங்கே இருந்தாலும் ஐந்து படைப்பிரிவுக்குச் சமம், இவரை விடக் கூடாது என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அறிவாளியை மனிதராகப் பார்க்கவில்லை. துப்பாக்கிக் கணக்கில் பார்த்தார்கள்.

1955 ஜூனில் சியான் குடும்பம் துணிந்தது. ஒரு துண்டுக் கடிதம், பெல்ஜியத்திலிருந்த மனைவியின் சகோதரிக்குப் போகும் கடிதத்துக்குள் மறைந்து, அங்கிருந்து சீனத் தலைவர்கள் கைக்குச் சேர்ந்தது. ஆகஸ்டு 1ந் தேதி ஜெனீவாவில் சீன, அமெரிக்கத் தூதர்கள் பேச உட்கார்ந்தார்கள். தன்னிடமிருந்த அமெரிக்க விமானப் படையினர் 11 பேரைச் சீனா விடுவித்தது. சியானுக்குத் தடை நீங்கிற்று. செப்டம்பர் 17ந் தேதி மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் கப்பல் ஏறி, அக்டோபர் 8ந் தேதி தாய்நாட்டு எல்லையில் காலடி வைத்தார். படிக்கப் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது.

அவர் ஒருவர் மட்டுமல்ல

அவருக்கு முன்பே பலர் திரும்பியிருந்தார்கள். 1949க்குப் பின் சில வருஷங்களில் மேல்நாடுகளிலிருந்து திரும்பிய படிப்பாளிகள் ஆயிரத்துக்கும் அதிகம்.

ஹுவா லோகெங் என்ற கணித மேதையை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைக்காரர் மகன். சம்பளம் கட்ட முடியாமல் படிப்பு பாதியில் நின்றது. கடையில் உட்கார்ந்து தானாகவே கணக்குப் படித்தார். விஷ ஜுரம் வந்து ஒரு கால் ஊனமாயிற்று. அவர் எழுதிய ஒரு கட்டுரையைக் கண்டு வியந்த பேராசிரியர் ஒருவர் சிங்குவாவுக்கு அழைத்தார். பட்டம் இல்லாததால் முதலில் நூலகத்தில் எடுபிடி வேலை! அங்கிருந்து உயர்ந்து உலகப் புகழ் பெற்று, அமெரிக்காவில் பேராசிரியர் ஆனார். எந்தப் பல்கலைக்கழகத்தில்? "சீன வாலிபர்களைப் படிக்க வைத்தால் நமக்கு லாபம்" என்று எட்மண்ட் ஜேம்ஸ் கணக்குப் போட்ட அதே இல்லினாய்ஸில்! 1950ல் அந்த வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். வழியில், அமெரிக்காவிலிருந்த சீன மாணவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, தாய்நாடு திரும்பி வாருங்கள் என்று அழைத்தார்.

அந்த வருஷம் ஆகஸ்டு கடைசியில் ஒரு கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட சீனப் படிப்பாளிகள் திரும்பினார்கள். அதில் தெங் ஜியாசியான் என்ற 26 வயது வாலிபர் இருந்தார். டாக்டர் பட்டம் வாங்கி ஒன்பதே நாளில் கப்பல் ஏறியவர். ஜாவோ ஜோங்யாவோ என்ற அணு ஆராய்ச்சியாளரும் இருந்தார். அவரையும் வேறு இருவரையும் ஜப்பானில் வழிமறித்து, அமெரிக்க ராணுவம் சிறையில் போட்டது. உலக விஞ்ஞானிகள் கண்டனம் செய்தார்கள்; நவம்பரில் விடுவித்தார்கள். அமெரிக்காவில் சிக்கனமாக வாழ்ந்து, வாங்கிச் சேர்த்து அனுப்பிய கருவிப் பாகங்களைக் கொண்டுதான், சீனாவின் முதல் அணுத்துகள் முடுக்கும் எந்திரத்தை அவர் பின்னர் கட்டி முடித்தார்.

காத்திருந்த வேலை

இனிதான் நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம். திரும்பி வந்தார்கள், கைதட்டினார்கள், மாலை போட்டார்கள் என்பதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நாம் பேச வேண்டியதே இல்லை. மாலை மறுநாள் வாடிவிடும். மறுநாள் காலையில் போய் உட்கார அவருக்கு ஒரு பட்டறை இருந்ததா என்பதுதான் கேள்வி.

இருந்தது. 1956 ஜனவரியில் பிரதமர் சூ என்லாய் படிப்பாளிகள் பிரச்னை பற்றி ஒரு அறிக்கை வைத்தார். அதில் ஒரு கணக்குச் சொன்னார். விஞ்ஞானியின் வேலை நாட்களில் ஆறில் ஐந்து பங்காவது, அதாவது வாரத்துக்கு 40 மணி நேரமாவது, அவருடைய சொந்தத் தொழிலுக்கே விட வேண்டும். கூட்டம், சடங்கு என்று அவர் நேரத்தைத் தின்னக் கூடாது. அதே வருஷம் பன்னிரண்டு வருஷ விஞ்ஞானத் திட்டம் வகுத்தார்கள். திட்டம் வகுத்த மேஜையில் திரும்பி வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். நாட்டுக்கு எது முதலில் வேண்டும் என்பதை அவர்களையும் கேட்டு முடிவு செய்தார்கள்.

1956 அக்டோபரில் ராக்கெட் ஆராய்ச்சிக் கழகம் ஆரம்பமாயிற்று. தலைவர் சியான். அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் அந்த வருஷம் கல்லூரியை விட்டு வந்த நூற்றுக்கு மேற்பட்ட வாலிபர்கள். அவர்களில் அநேகர் ராக்கெட்டைக் கண்ணால் கண்டதில்லை. உலகப் புகழ் பெற்ற மனிதர் கரும்பலகையின் முன் நின்று, அரிச்சுவடியிலிருந்து பாடம் நடத்தினார். அன்றைய சோவியத் யூனியன் மாதிரி ராக்கெட்டுகளும் நிபுணர்களும் அனுப்பி உதவியது. இரு நாட்டுக்கும் பிணக்கு முற்றி, 1960ல் 1,390 சோவியத் நிபுணர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அப்படியும் அந்த நவம்பரில், சீனாவில் செய்த முதல் ஏவுகணை பறந்தது. ஒருவரிடமிருந்து நூறு பேர் கற்றிருந்தார்கள், அதனால்தான் பறந்தது. 1970 ஏப்ரல் 24ந் தேதி 173 கிலோ எடையுள்ள செயற்கைக் கோளும் வானில் ஏறியது.

இதற்கு நடுவே 1964 அக்டோபர் 16ந் தேதி சீனா அணுகுண்டு வெடித்துச் சோதித்தது. குண்டைப் போற்ற நாம் இங்கே கூடவில்லை. எந்த நாட்டுக் குண்டானாலும் அது விழுவது ஏழையின் கூரை மேல்தான். ஆனால் அந்த வேலைக்குள் நமக்குச் சொந்தமான ஒரு சம்பவம் இருக்கிறது; அதைச் சொல்லாமல் போக முடியாது.

தெங் ஜியாசியானும் கூட்டாளிகளும் கையால் சுற்றுகிற கணக்கு எந்திரத்தையும் மணிச் சட்டத்தையும் வைத்துக்கொண்டு ஒரே கணக்கை ஒன்பது தடவை போட்டுச் சரிபார்த்தார்கள். கணக்கு முடிந்தது. ஆனால் காகிதத்தில் இருக்கிற உருண்டையை உலோகத்தில் கடைந்து தர வேண்டுமே! அதைச் செய்தவர் டாக்டர் பட்டக்காரர் அல்ல. ஷாங்காயில் மோட்டார் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த யுவான் கோங்பு என்ற டர்னர். வடமேற்குப் பாலைவனத்துக்குப் போய், பல மாதம் வேறு உலோகத்தில் கை பழகி, 1964 ஏப்ரல் 30ந் தேதி இரவு யுரேனியத்தைக் கடைந்தார். கடைசியில் மூன்றே வெட்டு பாக்கி. ஒவ்வொரு வெட்டுக்கும் நிறுத்தி அளந்தார். கை ஒரு மயிரிழை பிசகினால் எத்தனையோ பேருடைய உழைப்பு பாழ். பிசகவில்லை. அன்றிலிருந்து "மூன்று வெட்டு யுவான்" என்றே அவருக்குப் பெயர்.

தோழர்களே, இதை நன்றாக நினைவில் வையுங்கள். திரும்பி வந்த அறிவாளியின் கணக்கு, ஊரிலேயே இருந்த தொழிலாளியின் கையில்தான் முடிகிறது. அந்தக் கை இல்லையென்றால் அந்தக் கணக்கு வெறும் காகிதம்.

கணித மேதை ஆலைக்குள்

ஹுவா லோகெங் இன்னும் ஒரு படி மேலே போனார். 1960களின் நடுவிலிருந்து ஆலை ஆலையாக, கிராமம் கிராமமாகப் போய்த் தொழிலாளிகளுக்குக் கணிதம் சொன்னார். ஊன்றுகோலோடு நடந்த மனிதர் இருபதுக்கும் மேற்பட்ட மாகாணங்களைச் சுற்றினார்.

எப்படிச் சொன்னார்? தேநீர் போடுவதை உதாரணம் காட்டினார். கெண்டியைக் கழுவி, தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, அது கொதிக்கிற நேரத்தில் பாத்திரத்தையும் கோப்பையையும் கழுவித் தேயிலையை எடுத்து வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாகச் செய்தால் நேரம் வீண். பெரிய தொழிற்சாலை வேலையைத் திட்டமிடுவதும் இதே சூத்திரம்தான் என்றார்.

இன்னொன்று. சாயத் தொட்டியில் ஒரு மருந்து 1,000 கிராமிலிருந்து 2,000 கிராம் வரை போடலாம். எவ்வளவு போட்டால் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்று தெரியாது. கிராம் கிராமாகச் சோதித்தால் ஆயிரம் சோதனை. அவர் ஒரு காகித நாடாவை எடுத்தார். அதன் நீளத்தில் 0.618 பங்கு வரும் இடத்தில் கோடு கிழித்தார். அந்த அளவில் ஒரு சோதனை. நாடாவை இரண்டாக மடித்து, கோட்டுக்கு எதிரே விழும் இடத்தில் இன்னொரு கோடு; அங்கே ஒரு சோதனை. இரண்டில் எது மட்டமோ அந்தப் பக்கத்து முனையைக் கிழித்து எறிந்தார். மிச்சத்தை மறுபடி மடித்தார். பதினைந்து, பதினாறு சோதனையில் சரியான அளவு அகப்பட்டுவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற தொழிலாளியும் கையில் பிடித்துச் செய்யக் கூடிய கணிதம்! 1985ல் தோக்கியோவில் ஒரு சொற்பொழிவை முடித்த கையோடு மேடையிலேயே சாய்ந்து உயிர் நீத்தார்.

மறைக்கக் கூடாத பக்கம்

எல்லாம் நன்மையாகவே நடந்தது என்று சொன்னால் நாம் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம்.

1958ல் விளைச்சலைப் பற்றி வானளாவக் கணக்குச் சொல்லும் வேகம் சீனாவில் பரவியது. அந்த ஜூனில் சியான் சுவேசென் ஒரு பத்திரிகையில் எழுதினார். வயலில் விழும் சூரிய வெளிச்சத்தில் 30 சதவீதத்தைப் பயிர் பயன்படுத்தினால் விளைச்சல் அப்போதிருந்ததைவிட இருபது மடங்குகூடப் போகலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ராக்கெட்டை அறிந்தவர் நெல்லை அறிந்தவர் அல்ல. நாற்று நடுகிற ஒரு பெண்ணைக் கேட்டிருந்தால், "வெயில் மட்டும் போதுமா ஐயா? தண்ணீர் வேண்டாமா? எரு வேண்டாமா? பயிர் நெருங்கினால் மூச்சு விட வேண்டாமா?" என்று கேட்டிருப்பாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. பெரிய விஞ்ஞானி சொன்னதால் பொய்க் கணக்குக்கு விஞ்ஞான முத்திரை விழுந்தது. பொய் விளைச்சலைக் கணக்கில் வைத்துத் தானியம் கொள்முதல் செய்தார்கள். 1959 முதல் 1961 வரை நேர்ந்த பஞ்சத்தில் கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். அவர் கட்டுரை ஒன்றினால் மட்டும் வந்த பஞ்சம் அல்ல அது. ஆனால் அந்தப் பாவத்தில் அறிவாளிக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்னொரு துயரம். யாவோ தோங்பின் என்று ஓர் உலோக நிபுணர். இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் பெற்று, ஜெர்மனியில் வேலை பார்த்து, 1957ல் தாய்நாடு திரும்பினார். ராக்கெட்டுக்கு வேண்டிய உலோகங்களை ஆராய்ந்து தந்தார். கலாசாரப் புரட்சியின் கோஷ்டிச் சண்டையில், 1968 ஜூன் 8ந் தேதி, வேலையிலிருந்து வீடு திரும்பிய அவரைக் கும்பல் ஒன்று அடித்துக் கொன்றது. வயது 45. வெளிநாட்டில் படித்தவன் என்பதே அப்போது பலர் மேல் சுமத்தப்பட்ட குற்றம். அமெரிக்கா, சியானைச் சீனன் என்று சந்தேகித்தது. சீனாவிலோ, தாய்நாட்டை நம்பித் திரும்பி வந்தவனையே அந்நியன் என்று சந்தேகித்தார்கள். இரண்டும் ஒரே நோய். இவர்களில் 23 பேருக்கு 1999ல் சீன அரசு உயர்ந்த பதக்கம் தந்தது. யாவோ தோங்பின் பெயரும் அதில் இருந்தது. பதக்கத்தை வாங்க அவர் இல்லை.

நமது நாட்டின் கணக்கு

சீனாவைப் பற்றிப் பேசிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் போகக் கூடாது.

ஹர் கோவிந்த் கொரானா என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பஞ்சாபில் சுமார் நூறு பேர் வசித்த ஒரு குக்கிராமத்தில், கிராமக் கணக்கர் மகனாகப் பிறந்தவர். அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறக்குறைய அவர்களுடையது ஒன்றுதான். 1945ல் இந்திய சர்க்காரின் உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து போனார். அதுவும் ஜனங்கள் கொடுத்த வரிப் பணம்தான். டாக்டர் பட்டம் பெற்று, சுவிட்சர்லாந்திலும் ஆராய்ச்சி செய்து, 1949ல் இந்தியா திரும்பினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, சிறையில் போடவில்லை. ஆனால் வேலை கிடைக்கவில்லை! மறுபடியும் கப்பல் ஏறினார். இங்கிலாந்து, கனடா, பிறகு அமெரிக்கா. 1966ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1968ல் நோபல் பரிசு வாங்கினார். நாம் இங்கே பட்டாசு வெடித்தோம். எதற்காக வெடித்தோம் என்று இன்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

1958ல், திரும்பி வருகிற விஞ்ஞானிகளுக்குத் தற்காலிக இடமும் சம்பளமும் தருகிற ஏற்பாடு ஒன்றை நமது சர்க்கார் செய்தது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் தற்காலிக நாற்காலி வேறு. நிரந்தரப் பட்டறை வேறு. பதிலி வேலை பார்த்த நமக்கு அந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"படித்தவன் தேச பக்தி இல்லாமல் வெளிநாடு ஓடுகிறான்" என்று திட்டுவது சுலபம். பக்தியோடு திரும்பி வந்தவனுக்கு என்ன வைத்திருந்தோம் என்று கேட்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டும்.

இது டாக்டர் பட்டக்காரர் கதை மட்டுமல்ல. நமது ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போன வெல்டர் இருக்கிறார். குழாய் பொருத்துகிறவர் இருக்கிறார். கிரேன் ஓட்டுகிறவர் இருக்கிறார். பத்து வருஷம், பதினைந்து வருஷம் பாலைவன வெயிலில் நின்று, இங்கே எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுக்காத தொழிலைக் கற்றுத் திரும்புகிறார்கள். வந்த பிறகு? கொண்டு வந்த பணம் வீட்டுக் கடனிலும் கல்யாணத்திலும் கரைந்து போகிறது. கொண்டு வந்த தொழிலை யாரும் கேட்பதில்லை. உயர்ந்த அழுத்தக் குழாயைப் பற்ற வைத்த கை, பெட்டிக் கடையில் சோடா உடைக்கிறது.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை வைப்போம். திரும்பி வந்த தொழிலாளிகள் யார், எந்த வேலை அறிந்தவர்கள் என்று ஊர்தோறும் சர்க்கார் பதிவு செய்ய வேண்டும். சங்கமும் தன் அளவில் இந்த வாரமே அதைத் தொடங்கலாம். கையெழுத்துச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் கைவேலையைச் சோதித்துப் பார்த்து, அவர்களைத் தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். சியான் நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தார் என்றால், நமது வெல்டர் பத்துப் பேருக்குச் சொல்லித் தர மாட்டாரா? மூன்றாவது, வெளியே பார்த்து வந்தவர் "இந்த மெஷினுக்குக் காப்புத் தகடு இல்லை, அங்கே இப்படி விட மாட்டார்கள்" என்று சொன்னால், அவரைக் கலகக்காரன் என்று முத்திரை குத்தக் கூடாது.

அதோடு நமக்கு நாமே ஒன்று சொல்லிக்கொள்வோம். திரும்பி வந்தவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். சந்தேகித்துக் காலில் போட்டு மிதிக்கவும் வேண்டாம். அவர் அறிந்ததை நாம் கேட்போம்; நாம் அறிந்ததை அவருக்குச் சொல்வோம். வயலின் கணக்கை வயலில் நிற்கிறவளையும் கேட்டுப் போட வேண்டும்.

உப்பு வரி கட்டிய சீனக் குடியானவன், தன் காசில் எவன் படித்தான் என்று அறியாமலே செத்தான். நாம் அப்படி அறியாமல் இருக்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் யார் எந்தப் படிப்புப் படித்தாலும் அதில் நம் வேர்வை இருக்கிறது. அந்தப் படிப்பு திரும்பி வந்து உழைப்பதற்கு ஒரு பட்டறை கேட்பது பிச்சை அல்ல, தோழர்களே. அது நாம் கொடுத்த பணத்துக்கு நாம் கேட்கிற கணக்கு!